கர்மயோகம் சாருக்கு மிஞ்சிய சொல்

"உங்க பேரு என்னா, சொல்லுங்க பாப்போம்?"

கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் கட்டிலோரம் குனிந்து அந்த இளம் டாக்டர் பெண் கேட்டாள். என் வீட்டுக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். வாயின் வலது பக்கம் தொங்கிப்போயிருந்தது. எதையோ அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி முக்கி முனகி, கடைசியில் சொன்னார்.

"எதிர்பார்க்காதே."

"சரிங்கய்யா, எதிர்பார்க்கல. பேரச் சொல்லுங்க."

"எதிர்பார்க்காதே."

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினாள்.

என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உதடு துடித்தது. "எதிர்பார்க்காதே" என்றார்.

நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன். நாற்பது வருஷக் குடித்தனத்தை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாரே! விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, பாயும் தூக்குவாளியுமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் பெண் பிறகு பொறுமையாக விளக்கினாள். பக்கவாதம் வந்ததில் மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டுப் போயிற்றாம். சிலருக்கு எல்லாச் சொல்லும் போய், வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒன்று மட்டும் தங்கிவிடுமாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான் வரும், வலித்தாலும் அதுதான் வரும். "அவரு நெனைக்கிறது வேற, வாயில வர்றது வேறம்மா. திட்டாதீங்க. நாம பேசறது அவருக்கு நல்லாவே புரியும்."

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தியில் எழுதப் போகிறேன்.

குறையில்லாத மனுஷன்

போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அவரப் பத்தி இவ்ளோ கசப்பா எழுதறீங்களேக்கா, ஒரு நல்லதுகூடவா இல்ல?"

ஏன் இல்லை? குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவர். அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து, ஒரு வாய் காபிகூட வெளியாளிடம் வாங்கிக் குடிக்காமல் ரிட்டயர் ஆனவர். வீட்டில் அரிசி இல்லை, கரண்ட் கட்டவில்லை என்ற பேச்சே வந்ததில்லை. சிக்கலே அங்கேதான். ஊரே மெச்சுகிற மனுஷனைப் பற்றி எந்த வாயை வைத்துக்கொண்டு புகார் சொல்வது?

முதலியார்பேட்டையில் அவருக்குப் பெயர் கர்மயோகம் சார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் பாய் விரித்து வகுப்பு நடக்கும். செய்ய வேண்டியதைச் செய்யணும், அதனால என்ன கிடைக்கும்னு பார்க்கக் கூடாது, செயலில் பற்று வைக்காதே, பலனை எதிர்பார்க்காதே. இதையே வாரா வாரம் வெவ்வேறு மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்வார். நன்றாகத்தான் சொல்வார். குரல் அப்படி. கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் சுண்டலும் காபியும். அது என் கர்மயோகம்.

அவர் கூடத்தில் பற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது நான் பின்கட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். அடிப்பிடித்த பால் குண்டானை நார் போட்டுச் சுரண்டும்போது ஒருநாள் திடீரென்று உறைத்தது: இதுவும் பற்றுதானே! பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற பத்தும் அதே சொல்தானே! சந்தோஷம் தாங்காமல் ஈரக் கையோடு கூடத்துக்குப் போய், "நீங்க வாயால அறுக்கிறத நான் கையால அறுத்துக்கிட்டு இருக்கேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பாராட்ட எதிர்பார்த்து வந்து நிக்கிற பாரு" என்றார். பின்கட்டுக்குத் திரும்பிப் போய்க் குண்டானை எடுத்துக்கொண்டேன்.

ரெனோன்சான்

இந்த இடத்தில் எதிர் வீட்டு அந்துவானை, பிரெஞ்சு வழக்கப்படி எல்லாரும் மரியாதையாக முசியே என்று கூப்பிடுகிறவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் காலத்தில், எங்களுக்கு எங்கள் சாதி வழக்கம், சொத்து வழக்கம் எதுவும் வேண்டாம், துறந்துவிட்டோம், உன் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிகளானவர்கள் உண்டு. துறந்தவன் என்ற அர்த்தத்தில் ரெனோன்சான் என்பார்கள். அந்துவான் அந்தப் பரம்பரை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, அங்கிருந்து வருகிற பென்ஷனில் சௌக்கியமாக இருக்கிறவர்.

ஒருநாள் என் வீட்டுக்காரரை வாசலில் மடக்கினார். "முசியே, நாங்கதான் அசல் ரெனோன்சான். எங்க பாட்டன் ஒரு கையெழுத்துல துறந்தாரு, இன்னிக்கி வரைக்கும் எங்களுக்குப் பாஸ்போர்ட்டு, பென்சியோன் எல்லாம் வருது. நீங்க வாரா வாரம் துறக்கறீங்களே, வீட்ல அம்மாவுக்கு என்னா வந்துச்சு?"

அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அவர் அந்துவானோடு பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டார். பற்றில்லாத மனுஷருக்கு ரோஷம் மட்டும் எங்கிருந்து வந்ததோ.

நித்யா

எங்களுக்கு ஒரே பெண். நித்யா என்று பெயர் வைத்தது அவர்தான். அழியாதது என்று பொருளாம். பெயரில் மட்டும் அத்தனை பெருமை.

அவளுக்கு அவர் செய்யாதது இல்லை. பாடப் புத்தகத்துக்கெல்லாம் பிரவுன் தாள் அட்டை போட்டுக் கொடுப்பார். சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார். மழை பெய்தால் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்பார். ஆனால் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை? ஊஹூம். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறாள், வாங்க என்று கூப்பிட்டால், "பரிசுங்கிறது பலன். அதப் போயி பார்க்கக் கூடாது" என்பார்.

முதன்முதலாக அவள் சப்பாத்தி சுட்ட நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கோணல்மாணலாக, ஒரு பக்கம் கருகி, ஆனால் பூ மாதிரி மெத்தென்று வந்திருந்தது. மூக்கில் மாவை அப்பிக்கொண்டு தட்டில் போட்டுவிட்டு அடுப்பங்கரைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவர் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவினார். குழந்தை நகரவில்லை.

"என்னா நிக்கிற?"

"எப்டிப்பா இருந்துச்சு?"

"எதிர்பார்க்காதே" என்றார்.

அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

கடமை முடிஞ்சுது

விழுப்புரத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்தோம். ஒரு குறையும் இல்லை. மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "கடமை முடிஞ்சுது" என்றார். பெண்ணைப் பெற்ற எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது மூக்கைச் சிந்துவார்கள். இவரோ, பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிற மாதிரி சொன்னார்.

சில வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் பின்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. கூடத்தில் அவர் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே நித்யா, தோளில் ஒரு பை. கன்னம் வீங்கியிருந்தது. இவர் எழுந்து போய்க் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

"அங்க இருக்க முடியலப்பா. அடிக்கிறாருப்பா."

"உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சுட்டேன். அதோட பலன் எங்கையில இல்ல. இனிமே எங்கிட்ட எதுவும் எதிர்பார்க்காதே."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது மகள் என்ற நினைப்பு இருக்கிறது என்று ஆறுதல் பட்டிருப்பேன். திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வகுப்பின் மூத்த சீடர் ராமலிங்கம், பாங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பெத்த பொண்ணு விஷயத்துலயே இந்தப் பக்குவம் யாருக்குய்யா வரும்!"

அடப்பாவிகளா!

சோப்புக் கையோடு ஓடினேன். கடலூர் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். அழவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் வருகிற பஸ்களின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நோணாங்குப்பத்தில் என்னோடு படித்த செல்வி இருந்தாள். அவள் வீட்டுக்காரர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. "எம்பொண்ணு மாதிரி இருந்துட்டுப் போவட்டும், நீ போ" என்று செல்வி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். "உங்க நெஞ்சுல ஒண்ணுமே ஒட்டாதா?"

"ஒட்டக் கூடாதுன்னுதான இத்தன வருஷப் பயிற்சி" என்றார்.

அதற்கப்புறம் அவள் பெயர் அவர் வாயில் வரவில்லை. அவள் விவாகரத்து வாங்கினாள். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு ரொட்டி சுடுகிற கடையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, பிறகு அடுப்பே அவள் பொறுப்பு என்று ஆயிற்று. நோணாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு எங்கள் வீட்டு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். விடிகிற நேரத்தில் அவள் ஸ்கூட்டர் போகும். பால் வாங்குகிற சாக்கில் நான் முனையில் நிற்பேன். கையைக் காட்டிவிட்டுப் போவாள். நிறுத்த மாட்டாள்.

எல்லாம் தெரிந்தும் அவர், "பால் வந்துச்சா?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை.

மாவு உருண்டை

இப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறேன்.

போன வருஷம் பூஜைக்கு உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துவிட்டார். நான் போன் செய்ததும் நித்யா வந்தாள், முழங்கையெல்லாம் மைதா மாவு. கட்டில் அருகே வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்ததும் இடது கையை ஆட்டிக்கொண்டு, "எதிர்பார்க்காதே, எதிர்பார்க்காதே" என்று கத்தினார்.

அவள் முகம் மாறவே இல்லை. "என்னா செய்யணும்மா, சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எந்தப் பெண்ணும் செய்ய மாட்டாள். ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் சரி, கடை வேலை முடிந்து மத்தியானம் வந்துவிடுவாள். தூக்கி உட்கார வைப்பாள். துடைத்து விடுவாள். மலஜலம் எடுப்பாள். கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள் என்று கடையிலிருந்து மாவு உருண்டை கொண்டுவந்து அவருடைய செத்த கையில் வைப்பாள்.

"அமுக்குங்க. இன்னும் கொஞ்சம். விடுங்க. ம், போதும்."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா என்று ஒரு தடவை கூப்பிடவில்லை. முகம் சுளிக்கவில்லை, சலித்துக்கொள்ளவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் கதவுப்பக்கம் போனால் கண்ணும் கூடவே போகும். கருகின சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிட்டு நின்ற குழந்தையின் முகம் இப்போது இவருக்கு வந்திருந்தது. அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளைக் கேட்டுவிட்டேன். "ஏண்டி, ஒரு வார்த்த சிரிச்சுப் பேசினா என்னா?"

"செய்ய வேண்டியதச் செய்றேன்லம்மா. அதுக்கு மேல என்னா?" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய வகுப்பில் தேறினது இவள் ஒருத்திதான்.

உபதேசம்

மெல்ல மெல்ல நான் அவர் பாஷையைப் படித்துக்கொண்டேன். கடைசியை இழுத்து "காதேஏஏ" என்றால் தண்ணீர். வெடுக்கென்று முடித்தால் ஒண்ணுக்கு. மூச்சுக்குள்ளேயே சொன்னால் தோள் வலிக்கிறது. நித்யாவுக்குப் பிடிபடவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று என்னைத்தான் கேட்பாள். நான் சொன்னால் செய்வாள்.

ராமலிங்கம் வகுப்பு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழமும் பூவுமாகப் பார்க்க வந்தார். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இவர் வெடுக்கென்று, "எதிர்பார்க்காதே!" என்றார்.

ராமலிங்கம் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களாய்யா? இந்த நெலமையிலயும் உபதேசம்! எல்லாம் போயும் ஞானம் போவல பாருங்க!"

"எதிர்பார்க்காதே!"

"ஆகா!" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"சார், அவருக்கு ஒண்ணுக்கு முட்டுது. காலை விட்டுட்டு கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றேன்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. முசியே அந்துவான் மட்டும் சாயங்காலம் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். போகும்போது, "போவ்ர்" என்று உச்சுக்கொட்டுவார். பாவம் என்று அர்த்தம். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

தண்ணி

கொச்சியில் ஒரு பெரிய ஹோட்டலில் ரொட்டி, கேக் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ள நித்யாவைக் கூப்பிட்டிருந்தார்கள். இவர் விழுந்ததால் தள்ளிப் போட்டிருந்தாள்.

"அவரு தானா எழுந்து நடக்கற வரைக்கும் இருக்கேம்மா. அப்புறம் போயிடுவேன். இத விட்டா மறுபடியும் கூப்புட மாட்டாங்க."

சரிடி என்றேன். மனசில் இருந்ததையும் எழுதிவிடுகிறேனே, மறைப்பானேன். நாள் தவறாமல் மகள் என் அடுப்பங்கரையில் வந்து நின்றது அந்த மாதங்களில்தான். எனக்கு அவள் வேண்டும். அவர் நிதானமாகவே நடக்கட்டும் சாமி என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

சாமி கேட்கவில்லை. கோல் ஊன்றி வாசல் கேட் வரைக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவரெல்லாம், சார் தியானத்தில் இருக்கிறார் என்று சத்தம் போடாமல் போவார்கள். மனுஷர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

அவள் கிளம்பின நாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ தெருவில் நின்றது. தோளில் பையை மாட்டிக்கொண்டு அவள் கேட்டண்டை நின்றாள், அதே கேட். "மாத்திரைய நேரத்துக்குச் சாப்புடுங்க. கைய அமுக்கி அமுக்கி விடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவர் எழுந்தார். கோல் இல்லாமல், யாரும் பிடிக்காமல் எழுந்தார். இடது கையால் அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்பார்க்காதே" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. தண்ணீரும் இல்லை, வலியும் இல்லை. நடுவில் உடைந்து, கெஞ்சி, கடைசி எழுத்து வெளியிலேயே வராமல் போயிற்று. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. போகாதே என்கிறார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றாள் நித்யா.

வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இருந்துவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும். கொச்சி வேலை கைவிட்டுப் போய்விடும். மறுபடியும் இந்த வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக நிற்க ஆரம்பிப்பாள். அந்த வார்த்தை வரவே வராது. வேறு வார்த்தைதான் அவரிடம் இல்லையே.

"தண்ணி கேக்குறாருடி" என்றேன். "நான் குடுத்துக்கறேன். நீ கெளம்பு, பஸ்ஸு போயிடப் போவுது."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். வாய்தான் போயிருந்தது, காது நன்றாகவே இருந்தது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு, "எதிர்பார்க்காதே, எதிர்பார்க்காதே" என்று அவளைப் பார்த்துக் கதறினார்.

"நான் எதிர்பார்க்கலப்பா" என்றாள் நித்யா. "அதெல்லாம் எப்பவோ விட்டுட்டேன்."

அன்றைக்கு இதே கேட்டில் நின்றதற்குப் பிறகு, இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே "அப்பா" அதுதான். பிறகு பையின் வாரிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். "விடுங்க. இன்னும் கொஞ்சம். விடுங்க. ம், போதும்."

வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

நான் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். தாகமே இல்லாத மனுஷர், அவ்வளவையும் குடித்தார்.

டம்ளரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். வெறும் தண்ணீர் குடித்த டம்ளர், அதில் என்ன பத்து இருக்கப்போகிறது? நாரை எடுத்துத் தேய்த்தேன். தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கி ரொம்ப நேரமான பிறகும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.